பதினோராம் எண் மாமா

விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்று அவரே அச்சடித்துக்கொண்டதால் நாமும் அவரை அப்படியே கூப்பிடுவோம். கேட்கிறதற்கு ஆசையாக இருக்கும், பாவம்.

கண்ணாடிக் கடைக்கு மேலே, படி ஏறி இடதுபுறம் திரும்பினால் அவருடைய ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையம். மொத்தம் ஒன்றரை அறை. முழு அறையில் வகுப்பு நடக்கும். அரை அறையில் ஜெராக்ஸ் மெஷினும் தண்ணீர் கேனும் டைரக்டரும் இருப்பார்கள். ஏசி ரிமோட் மட்டும் எந்த அறையிலும் இருக்காது. அது அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒழுங்காக ஒப்பிக்காத வகுப்புக்கு இரண்டு டிகிரி ஏறும்.

வேலை தேடுகிறவர்களுக்கென்று உலகம் ஒரு மதிப்பெண்ணைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது அல்லவா, அதுதான் அவருடைய தொழில். ஒரு நர்ஸுக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி போடத் தெரிந்தால் போதாது, தான் கடைசியாகப் போன அருங்காட்சியகத்தைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசவும் தெரியவேண்டும். முப்பது டன் பெட்டியை முட்டையைப் போலத் தூக்கி முட்டையைப் போல இறக்குகிற கிரேன் ஆப்பரேட்டர், தனக்குப் பிடித்த ஓவியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒன்பதுக்கு ஆறு வாங்கினால் விமானம். ஐந்தரை வாங்கினால் மறுபடியும் டைரக்டர்.

ஐந்தரை வாங்காமல் இருப்பதற்காக டைரக்டர் எழுதி வைத்திருந்ததுதான் பச்சை நோட்டு. ஸ்பைரல் பைண்டிங், பச்சை அட்டை, உள்ளே முப்பத்திரண்டு பதில்கள். பேச்சுத் தேர்வில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பு இருக்கும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் பேச வேண்டும். "உலகத்துல எந்த அட்டைய நீட்டுனாலும் இந்த முப்பத்திரண்டுல ஒண்ணுக்குள்ள அடங்கும்" என்பது டைரக்டரின் கண்டுபிடிப்பு. பூகோளத்தைக் கண்டுபிடித்தவன்கூட இவ்வளவு நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டான்.

முப்பத்திரண்டில் மகுடம் பதினோராம் எண்: 'சிறுவயதில் உங்களுக்கு உதவிய ஒருவர்.' பதினான்கு வருடங்களுக்கு முன்னால், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தன் சொந்த வாழ்க்கையிலிருந்து டைரக்டர் எடுத்து எழுதியது. அந்த ஆங்கிலத்தைத் தமிழில் பெயர்த்தால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

'என் பிள்ளைப் பருவத்தின் இருண்டதோர் அந்திப் பொழுதில், சீறிப் பாயும் வாய்க்காலின் கோரப் பிடியில் யான் சிக்குண்ட வேளை, என் தாய்மாமன் எனும் அப்பெருந்தகை தன்னுயிரைத் துரும்பென மதித்து வெள்ளத்தினூடே பாய்ந்தார். அவர்தம் இடதுகாற் செருப்பை அலைகள் கவர்ந்து சென்றன. எஞ்சிய வலதுகாற் செருப்பை இன்றளவும் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றி வருகிறோம்.'

பதினான்கு வருடங்களில் சுமார் ஆறாயிரம் தாய்மாமன்கள் அந்த வாய்க்காலில் குதித்திருக்கிறார்கள். அம்மாவோடு பிறந்தவர்களே இல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு மாமா குதித்தார். வெல்டர்கள், கணக்காளர்கள், கப்பல் சமையல்காரர்கள், இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த இரண்டு பல் டாக்டர்கள் என்று எல்லோருடைய வீட்டிலும் ஒற்றைச் செருப்புக்கு ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது.

கிரேன் ஆப்பரேட்டர் ஒருவர்தான் இதில் சிக்கல் பண்ணினார். நாற்பது வயது, கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி, மனப்பாடம் சுத்தமாக வராது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஐந்தரை.

"சார், ஒரு சந்தேகம். மாமா எதுக்கு செருப்போட தண்ணில குதிச்சாரு? எங்க வேலையில தண்ணிப் பக்கம் போனாலே மொதல்ல ஷூவ கழட்டச் சொல்லுவாங்க."

"அவசரம்யா. உயிர் போற அவசரம்."

"சரி சார். ஆனா தண்ணி எவ்ளோ ஆழம்?"

"இப்படிக் கேள்வி கேக்குறவன்தான் அஞ்சரை வாங்குவான்" என்று டைரக்டர் ஏசியை இரண்டு டிகிரி ஏற்றினார்.

இந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு ரகசியம் உண்டு. டைரக்டர் அந்தத் தேர்வை எழுதியதே இல்லை. அவருக்கு முப்பத்திரண்டு பதில்கள் தெரியும். அவற்றுக்கு நடுவில் உள்ள இடத்தையெல்லாம் தமிழில்தான் கடப்பார். ஒருமுறை கீழே கண்ணாடிக் கடை வாசலில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டபோது, அடிக்காத போனைச் சட்டென்று காதில் வைத்துக்கொண்டு, கையால் தெருமுனையைக் காட்டினார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது.

மையத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. டைரக்டர் அங்கேயே சம்பளக்காரர் ஆனார். கார்டை மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மேனேஜராக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும். ஜெராக்ஸ் மெஷின் உட்பட எல்லோரையும் 'டீம்' என்று கூப்பிட்டாள்.

"சார், பயிற்சியாளர் எல்லாரோட ஸ்கோர் ஷீட்டும் ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க. உங்களோடது மட்டும் ஃபைல்ல இல்ல."

"நான் ஆறாயிரம் பேர உருவாக்கியிருக்கேம்மா" என்று டைரக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "தராசு செய்யறவனயே தராசுல ஏத்திப் பாப்பாங்களா?"

"ஏத்திப் பாக்கலாமே சார். ஏன், ஏறுனா உடைஞ்சிடுமா?"

மாதக் கடைசிக்குள் ஏழு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். "நடைமுறைக்காக ஒரு விளம்பரம் மட்டும் ஒட்டிடலாம் சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தாள். பயிற்சியாளர் தேவை, குறைந்தபட்சம் ஏழு. ஒட்டுவதற்கு ஆபீசில் வேறு ஆள் இல்லாததால், தன் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை டைரக்டரே பசை தடவி மாடிப்படிச் சுவரில் ஒட்டினார். நேராக ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு படி கீழே இறங்கிப் பார்க்கவும் செய்தார். பதினான்கு வருடப் பழக்கம்.

மூன்றாம் நாள் ஓர் இளைஞன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

"சார், அந்த வேலைக்கு ட்ரை பண்றேன். ஏழு வேணுமாம். எனக்கு ஆறரைதான் இருக்கு. உங்ககிட்டயே கோச்சிங் சேந்துட்டா கெடைச்சிடுமா?"

டைரக்டர் அவனுக்கு ஒரு பச்சை நோட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார். அதைவிடப் பெரிய பழிவாங்கல் அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய மனைவி பல் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷனிஸ்ட். எட்டு மணி நேரம், வாயைத் திறக்க பயப்படுகிறவர்களோடு பழகுகிறவள். நாலு நாட்டுக்காரர்கள் வந்து போகிற இடம் என்பதால் ஆங்கிலம் அவளுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு நோட்டு கிடையாது, எண்ணும் கிடையாது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறீங்க, உங்களுக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா? அந்தப் பரீட்சைய நெனச்சாதான் பாவமா இருக்கு. என் தரத்துக்கு அது பத்தாது."

"அப்ப ராத்திரியெல்லாம் தூக்கத்துல 'பெருந்தகை பெருந்தகை'ன்னு இங்கிலீஷ்ல பொலம்புறது யாரு?"

ரகசியமாகப் பயிற்சி எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரேன் ஆப்பரேட்டரை வீட்டுக்கு வரவழைத்தார். "உனக்கு தனி கோச்சிங். புது மெத்தட். நீதான் எக்ஸாமினர், நான் மாணவன். எதிராளியோட மனச புரிஞ்சுக்கணும்ல?" என்று விளக்கம் வேறு. ஆப்பரேட்டர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் வேலையைச் சுத்தமாகச் செய்யவும் செய்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், அட்டையை நீட்டினார். டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு இருண்டதோர் அந்திப் பொழுதுக்குள் இறங்கினார்.

அவர் கண்ணாடிப் பேழைக்கு வந்து சேர்ந்த நேரத்தில், பேப்பரைத் தேடிக்கொண்டு உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபத்திரண்டு வயது. மின்சார மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் அவருக்கு எண்கள் மட்டும் தெரியும்.

"யாருப்பா இது? என் பேப்பர் மேல உக்காந்திருக்க?"

"எங்க தாய்மாமன்" என்றார் டைரக்டர், அவ்வளவாக உற்சாகம் இல்லாமல்.

கிரேன் ஆப்பரேட்டர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா! நீங்கதானா அந்த வாய்க்கால் மாமா? உங்களால நான் ரெண்டு தடவ ஃபெயிலு ஐயா!"

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆப்பரேட்டர் பதினோராம் எண்ணை அவருக்குத் தமிழில் சொன்னார். கோரப் பிடி, துரும்பு, வெள்ளம், ஒன்றையும் விடவில்லை. ஆங்கிலத்தில் வராத மனப்பாடம் தமிழில் அருவியாகக் கொட்டியது. பெரியவர் வாய் பிளந்து கேட்டார். முடிந்ததும் மருமகனைப் பார்த்தார்.

"நான் எங்கடா குதிச்சேன்? வழுக்கியில்ல விழுந்தேன்!"

"மாமாவுக்கு வயசாயிடுச்சு" என்றார் டைரக்டர் அவசரமாக. "ஞாபகம் முன்னபின்ன இருக்கும்."

"யாருக்கு ஞாபகம் முன்னபின்ன? புதுச் செருப்பு, காலக் கடிச்சுதுன்னு கழட்டிக் கரையில வச்சிருந்தேன். திரும்பிப் பாத்தா ஒண்ணு தண்ணில மெதக்குது. எட்டி எடுக்கப் போனேன், சர்ருன்னு வழுக்கிடுச்சு. உக்காந்த மேனிக்கு விழுந்தேனா, தண்ணி கழுத்து வரைக்கும். அய்யோ போச்சுடா உயிருன்னு கத்துறேன். இவன்தான் கரையில நின்னுக்கிட்டு 'மாமா, எந்திரிச்சுப் பாருங்க'ன்னான். எந்திரிச்சேன். இடுப்பளவுதான்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மனைவி சிரிக்கிற சத்தமும் கூடவே வந்தது.

"அப்புறம் ஐயா?" ஆப்பரேட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் என்ன, அக்காகிட்ட என்னன்னு சொல்றது? செருப்ப எடுக்கப் போய் விழுந்தேன்னா சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இவன் உடம்புல ஒரு சொட்டு ஈரம் இல்ல. ரெண்டு கையால தண்ணிய அள்ளி மூணு தடவ இவன் தலையில ஊத்துனேன். 'நீ விழுந்த, நான் குதிச்சேன், தெரிஞ்சுதா'ன்னு கூட்டிட்டு வந்தேன்."

"கண்ணாடிப் பொட்டி?"

"என்ன பொட்டி? ஒத்தச் செருப்ப வச்சு என்ன பண்றது? அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு." பெரியவர் ஒரு நிமிடம் யோசித்தார். "ஒண்ணுதான் இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. கரைமேல வச்ச செருப்பு எப்படித் தண்ணிக்குள்ள போச்சு? அன்னிக்கு காத்துகூட இல்ல."

டைரக்டர் சுவர்க் கடிகாரத்தை எடுத்து அது இருந்த இடத்தில் மாட்டப் போனார். ஆணி அவர் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை.

தேர்வு நாளன்று டைரக்டர் தொப்பியும் முகமூடியும் அணிந்து போனார். மாணவர்கள் யாராவது பார்த்துவிட்டால் கௌரவம் என்ன ஆவது? வாசலில் செக்யூரிட்டி இரண்டையும் கழற்றச் சொன்னார். போன், வாட்ச், பர்ஸ், கடைசியில் விசிட்டிங் கார்டு என்று எல்லாம் ஒரு ட்ரேயில் போனது. தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். விரல் ரேகை வைத்துப் போட்டோவுக்கு நின்றபோது, வரிசையின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார்! நீங்களுமா? எங்களுக்குத் துணைக்கு வந்தீங்களா?"

வேறு யார்? கிரேன் ஆப்பரேட்டர்தான்.

"மேற்பார்வை" என்றார் டைரக்டர்.

"மேற்பார்வைக்கும் கைரேகை வெக்கணுமா சார்?"

பேச்சுத் தேர்வு இருவருக்கும் நான்காம் எண் அறை. ஆப்பரேட்டருக்குப் பத்து மணி, டைரக்டருக்குப் பன்னிரண்டே முக்கால். ஆப்பரேட்டர் வெளியே வந்தபோது அவர் முகம் பெட்டியைப் பத்திரமாக இறக்கிய முகமாக இருந்தது. பேசக் கூடாது என்பதால் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சிவப்பு விளக்கு எரியும் ஒரு ரெக்கார்டர். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க எக்ஸாமினர் அம்மாள். அவர் முன்னால் இருமல் மிட்டாய்க் காகிதங்கள் ஒரு சின்னக் குன்றாகக் குவிந்திருந்தன. இனி இந்த அறையில் நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம். டைரக்டரின் ஆங்கிலம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே தமிழில் தருகிறேன்.

எக்ஸாமினர் அட்டையைத் திருப்பினார். சிறுவயதில் உங்களுக்கு உதவிய ஒருவர்.

டைரக்டரின் முகம் மலர்ந்தது. முப்பத்திரண்டில் தலைமகன்! யோசிப்பதற்கான ஒரு நிமிடத்தை அவர் புன்னகைக்கவே செலவிட்டார். பிறகு ஆரம்பித்தார்.

"என் பிள்ளைப் பருவத்தின் இருண்டதோர் அந்திப் பொழுதில்..."

எக்ஸாமினர் கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று டைரக்டர் நினைத்தார். 'பெருந்தகை' வந்தபோதுதான் அந்த அம்மாளின் உதடுகளும் கூடவே அசைவதைக் கவனித்தார். செருப்பு வந்தபோது அவர் டைரக்டரை முந்திவிட்டார். கண்ணாடிப் பேழைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான்.

"நன்றி" என்றார் எக்ஸாமினர் கண்ணைத் திறந்து. "உங்கள் மாமாவை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரத்தில் மட்டும் ஏழு தடவை குதித்துவிட்டார்."

"இல்லை மேடம். அவர்கள் எல்லாம் நகல். இவர் அசல் மாமா. இதை எழுதியவன் யான்."

"ஏழு பேரில் மூன்று பேர் அதையும் சொன்னார்கள்." புது மிட்டாய் ஒன்றைப் பிரித்தார். "ஒன்று சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம்?"

பச்சை நோட்டில் ஆழம் இல்லை. ஆறாயிரம் பேர் குதித்த வாய்க்காலை யாரும் அளந்து பார்த்ததில்லை. டைரக்டர் வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு பதில்களும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படிச் சுவரில் தானே நேராக ஒட்டிய விளம்பரம் கண்முன் வந்தது.

"இடுப்பு" என்றார்.

"யாருடைய இடுப்பு?"

"மாமா இடுப்பு."

"இடுப்பளவுத் தண்ணீருக்கு எதற்குக் குதித்தார்?"

"குதிக்கவில்லை." வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. "மாமா வழுக்கினார். பொத்தென்று. நான் விழவே இல்லை. எனக்கு ஈரம் இல்லை. மாமா என் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். மூன்று தடவை. அம்மாவுக்கு நம்ப வைக்க."

இவ்வளவு நீளமாக எண் இல்லாத ஆங்கிலத்தை அவர் வாழ்க்கையில் பேசியதில்லை. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார். எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"இதையும் இன்று காலை பத்து மணிக்கு ஒருவர் சொன்னார். தலையில் தண்ணீர் ஊற்றியது வரைக்கும். அவருக்கு அது நன்றாகவே வந்தது, எழுந்து நடித்தே காட்டினார். உங்கள் மையத்தில் நோட்டை மாற்றிவிட்டார்களா?"

அடப்பாவி! முப்பது டன் தூக்குகிறவன் கடைசியில் என் மாமாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டானே!

"ஆனால் அவரும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை" என்றார் எக்ஸாமினர். மேஜைமேல் சற்றுச் சாய்ந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டார்: "கரையில் இருந்த செருப்பு எப்படித் தண்ணீருக்குள் போனது?"

முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலை போகிறதா, மானம் போகிறதா என்று அரை வினாடி பார்த்தார். மானம் ட்ரேயில் விசிட்டிங் கார்டோடு வெளியே இருந்தது.

"நான் தள்ளினேன்" என்றார்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை.

"காலால். இடது செருப்பு. வேண்டுமென்றே. மாமாவோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் வந்தார்கள். மாமா என் இங்கிலீஷ் பாடத்தை ஒப்பிக்கச் சொன்னார். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது! புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார், மேடம், தலைகீழாக! அதைப் பார்த்து எனக்குத் தப்பு கண்டுபிடிக்கிறார்! நான் நாலாவது வரியில் நின்றுவிட்டேன். மறந்துவிட்டது. அந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவர்கள் போனார்கள். மாமா அவர்களுக்குக் கையாட்டுகிறார். நான் செருப்பைப் பார்த்தேன். புதுசு. பளபளப்பு. நான் உதைத்தேன். அது படகு மாதிரி போனது. எனக்குச் சந்தோஷம், மேடம். ரொம்பச் சந்தோஷம். அப்புறம் மாமா விழுந்தார். அப்புறம் கொஞ்சம் பயம். ஆனால் அப்போதும் உள்ளே கொஞ்சம் சந்தோஷம்."

எக்ஸாமினருக்கு மிட்டாய் தொண்டையில் சிக்கியது. இருமலா சிரிப்பா என்று ரெக்கார்டருக்குத்தான் தெரியும். இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

"மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயோ" என்றார் டைரக்டர். அது ஒன்றுதான் தமிழில் வந்தது.

பதிமூன்றாம் நாள் முடிவு வந்தது. டைரக்டருக்கு மொத்தத்தில் ஏழு. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பேச்சிலும் ஏழு. கிரேன் ஆப்பரேட்டருக்கு ஆறு போதும், பேச்சில் ஏழரை வாங்கியிருந்தார். ஸ்வீட் பெட்டியோடு வந்து டைரக்டரின் கையைப் பிடித்து நசுக்கினார். "எல்லாம் உங்க மாமா போட்ட பிச்சை சார்!"

மேனேஜர் மாடிப்படிச் சுவரிலிருந்த விளம்பரத்தைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் பேனர் கட்டினாள். 'சாதித்த எங்கள் மாணவர்கள்' என்று தலைப்பு. முதல் படம் கிரேன் ஆப்பரேட்டர், அரை மார்க் தள்ளி இரண்டாவது படம் டைரக்டர். "ஹெட் ஆபீஸ் டிசைன் சார், மாத்த முடியாது" என்றாள். அவருடைய படத்துக்குக் கீழே மட்டும் 'வயது ஒரு தடையல்ல' என்று போட்டிருந்தார்கள்.

அந்த வாரத்தின் முதல் வகுப்பில் கூட்டம் அலைமோதியது.

"சார், பதினோராம் நம்பர் மாறிடுச்சாமே? உங்களுக்கு ஏழு வாங்கிக் குடுத்த புது பதில் எங்க சார்? ஜெராக்ஸ் போட்டாச்சா?"

டைரக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். புதுப் பதிலை நோட்டில் போட்டால் நாற்பது பேர் ஒப்பிப்பார்கள். நாற்பதில் ஒருவனாவது வீட்டுக்கு வருவான். ஒருவன் வந்தால் போதும், பேப்பரைத் தேடிக்கொண்டு மாமா உள்ளறையிலிருந்து வந்துவிடுவார்.

"இனிமே நோட்டு கெடையாது" என்றார். "அவங்கவங்க கதைய அவங்கவங்களே சொல்லணும்."

வகுப்பு திகைத்தது. கதவருகே நின்ற மேனேஜர் குறிப்பெடுத்துக்கொண்டாள். இதுதான் பிற்பாடு 'சொந்த அனுபவக் கற்றல் முறை' என்ற பெயரில் ஹெட் ஆபீஸின் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கையாகப் போனது. ஒரு மனிதன் தன் மாமாவுக்குப் பயந்து செய்த காரியம் என்று அதில் எங்கும் குறிப்பிடப்படவில்லை.

"எனக்கு மாமாவே இல்ல சார்" என்றாள் முன்வரிசை நர்ஸ். எட்டு மாதமாக வகுப்புக்கு வருகிறவள். அவளுக்கென்று ஒரு குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"வேற யாரு இருக்கா?"

"நாத்தனார் இருக்கா."

"சரி, அவங்கள பத்தி ரெண்டு நிமிஷம்."

நர்ஸ் எழுந்தாள், கைப்பையைக் கீழே வைத்தாள், ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். வினைச்சொற்கள் நொண்டின, காலங்கள் ஒன்றோடொன்று முட்டின, ஆனால் நாத்தனார் மட்டும் ரத்தமும் சதையுமாக வகுப்புக்குள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டு நிமிடத்தில் டைரக்டர் மணியடித்தார். நர்ஸ் காதில் வாங்கவில்லை. பதினோரு நிமிடம் கழித்து, "இன்னும் இருக்கு சார், நாளைக்கு சொல்றேன்" என்று தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே டைரக்டர் ஏசியை நாலு டிகிரி இறக்கினார்.

சாயங்காலம் வீட்டில் ஸ்வீட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"பாஸாயிட்டியாமே? என்னைய பத்தித்தான் சொன்னியா?"

"ஆமா மாமா."

"வழுக்கி விழுந்ததயா? வெள்ளக்காரங்க வரைக்கும் என் மானம் போச்சா?" ஒரு ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா அந்தச் செருப்பு விஷயம்தான்டா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. அந்தக் கிரேன்காரனும் வந்து கேட்டுட்டுப் போறான். நீதான் பக்கத்துல இருந்த. நெஜமா சொல்லு, அது எப்படித் தண்ணிக்குள்ள போச்சு?"

டைரக்டர் மாமாவைப் பார்த்தார். எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இடது செருப்பு, வலது கால், தலைகீழ்ப் புத்தகம், நாலாவது வரி, படகு, சந்தோஷம் என்று எல்லாவற்றையும், ஒன்று விடாமல், ஒரு இடத்திலும் தடுமாறாமல், மன்னிப்பும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

பெரியவர் கடைசி வரைக்கும் தலையாட்டி ரசித்துக் கேட்டார். விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு எழவும் புரியல. ஆனா என்னமா பேசுறடா!" என்றார் நெகிழ்ந்துபோய். "இதுக்கா ஏழு குடுத்தான்? அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா?"